குழந்தையாய் இருந்தபோது பெற்ற ஞானஸ்நானம் செல்லாதா?

"உங்க ஞானஸ்நானம் செல்லாது, நீங்க முழுக்கு எடுக்கணும்." முழுக்கு என்றால், வளர்ந்தபின் விசுவாசித்து, தண்ணீரில் முழுதாக முங்கிப் பெறுகிற ஞானஸ்நானம். சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்தவர்களில் இதை ஒருமுறையாவது கேட்காதவர்கள் நம்மூரில் குறைவு. காலேஜ் ஹாஸ்டல் ஜெபக் கூட்டத்தில் கேட்டிருப்பீர்கள். ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்தவர் ஊர் பேர் விசாரித்துவிட்டு, "இரட்சிக்கப்பட்டாச்சா? ஞானஸ்நானம் எடுத்தாச்சா?" என்று அடுத்தடுத்துக் கேட்டிருப்பார். "சின்ன வயசுலயே கொடுத்துட்டாங்க" என்று சொன்னால் அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும், அதையும் பார்த்திருப்பீர்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். கைக்குழந்தையாய் இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றவன். முழுக்கு எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. ஏன் என்பதைச் சண்டைக்காக இல்லாமல், இந்தக் கேள்வியால் உண்மையிலேயே தூக்கம் கெட்டுக் கிடக்கிற பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம்.

முதலில் எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஆட்கள் பலர் உடனே எபேசியர் 4:5-ஐ எடுத்து நீட்டுவார்கள், "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்" என்று. அதனால் ஒன்றும் ஆகாது. முழுக்கு கொடுக்கிறவர்களும் ஒரே ஞானஸ்நானம் என்றுதான் சொல்கிறார்கள், அவர்கள் கணக்கில் அந்த ஒன்று இன்னும் நடக்கவே இல்லை. விசுவாசம் இல்லாத இடத்தில் ஞானஸ்நானம் இல்லை, குழந்தைக்கு விசுவாசிக்கத் தெரியாது, ஆகவே அன்று நடந்தது ஒரு சடங்கு, அவ்வளவுதான் என்கிறார்கள். ஆக, திரும்ப எடுக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் நடந்தது ஞானஸ்நானமா இல்லையா என்பதுதான் விஷயமே.

அவர்கள் காட்டுகிற வசனங்கள் லேசானவை அல்ல. மாற்கு 16:16-இல் "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்று விசுவாசம்தான் முதலில் வருகிறது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் வார்த்தையைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டவர்கள்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள். எத்தியோப்பிய மந்திரி கேட்டு, விளங்கி, அப்புறம்தான் தண்ணீரில் இறங்குகிறார். ஒரு கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று நேரடியாக எழுதிய வசனம் புதிய ஏற்பாட்டில் இல்லை, இதை ஒத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமே கிடையாது. லீதியாளும் அவள் வீட்டாரும், பிலிப்பி சிறைச்சாலைக்காரனும் அவனுடையவர்களும், ஸ்தேவானுடைய வீட்டார் என்று குடும்பம் குடும்பமாகப் பெற்ற இடங்கள் உண்டு. அந்த வீடுகளில் தொட்டிலில் குழந்தை கிடந்ததா என்று வேதம் சொல்லவில்லை. இருந்திருக்கும் என்று நம்பலாம், ஆனால் என் முழு பாரத்தையும் அதன்மேல் வைக்க மாட்டேன்.

என் பாரத்தை வைப்பது ஆபிரகாம்மேலும் ஈசாக்குமேலும். ஆபிரகாம் முதலில் விசுவாசித்தார், பிறகு விருத்தசேதனம், அதாவது நுனித்தோலை நீக்குகிற உடன்படிக்கை அடையாளம், பெற்றார். ரோமர் 4-இல் பவுல் இதை நிறுத்தி நிதானமாக விளக்குகிறார், விசுவாசத்தினாலே வந்த நீதிக்கு அது முத்திரை என்கிறார். ஈசாக்குக்கோ எட்டாம் நாளிலேயே அதே முத்திரை போடப்பட்டது, விசுவாசம் பிறகு வந்தது. முத்திரை ஒன்றுதான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. ஈசாக்கு வளர்ந்து ஆளானபின், "உனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, ஆகவே அது செல்லாது" என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கொலோசெயர் 2-இல் பவுல் விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். பேதுரு பெந்தெகொஸ்தே நாளில், "வாக்குத்தத்தமானது உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்" என்கிறார். தலைமுறை தலைமுறையாய் பிள்ளைகளையும் சேர்த்தே உடன்படிக்கை என்று வாழ்ந்த யூதர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் என்ன புரிந்துகொண்டிருப்பார்கள்? பிள்ளைகளை வெளியே நிறுத்துங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் அல்லவா அது பெரிய செய்தியாக எழுதப்பட்டிருக்கும்!

நம் சபைகளின் சரித்திரமும் இப்படித்தான் ஓடியிருக்கிறது. மிஷனெரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, மறுவருஷம் முதலில் ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேர் வேறு மார்க்கத்திலிருந்து வந்தவர்கள், உபதேசம் கேட்டுப் பெற்றவர்கள். 1778-இல் பாளையங்கோட்டையில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் (நம் சபைகளில் ஐயர் என்றால் போதகர்) ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா வளர்ந்த பெண், பிராமண விதவை, ரொம்ப நாள் கேட்டுக் காத்திருந்து பெற்றவர். அவர்கள் எல்லாம் ஆபிரகாம் வரிசை. அவர்களுக்குப் பின் கிறிஸ்தவ வீட்டில் பிறந்த நாம் ஈசாக்கு வரிசை.

"ஆனால் எனக்கு அது ஞாபகமே இல்லையே" என்று கேட்கிறார்கள். மைனர் பிள்ளை பேரில் தாத்தா ஒரு நிலத்தைப் பத்திரம் எழுதி வைக்கிறார். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு நிலம் என்றால் என்ன என்றே தெரியாது. பதினெட்டு வயசானதும் அவன் பத்திரத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுவதில்லை, அதை எடுத்துப் போய் நிலத்தை அனுபவிக்கிறான். அனுபவிக்காமல் தரிசாகப் போட்டால் அது அவன் குற்றம், பத்திரத்தின் குற்றம் இல்லை.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் பிரித்துவிட வேண்டும். நம்மூரில் "தெளிப்பா முழுக்கா" என்பதும் "குழந்தையா பெரியவரா" என்பதும் ஒரே கேள்வி மாதிரிப் பேசப்படுகிறது. இரண்டும் வேறு. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் கைக்குழந்தையையே மூன்று முறை தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள், நூற்றாண்டுகளாக. அந்தப் பக்கம் பார்த்தால், 1525 ஜனவரி 21-ஆம் தேதி சூரிச் நகரத்தில் ஒரு வீட்டில் கூடி, குழந்தையாய்ப் பெற்றது போதாது என்று முதன்முதலாக ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்களே, கான்ராட் கிரேபல், ஜார்ஜ் பிளௌராக் ஆகியோர், அவர்கள் அன்றைக்கு ஆற்றில் முங்கவில்லை, தலையில் தண்ணீர் ஊற்றித்தான் கொடுத்தார்கள். அவர்கள் வழிவந்த மென்னோனைட் சபைகள் பலவற்றில் இன்றைக்கும் ஊற்றுவதுதான் வழக்கம். அதற்கும் ரொம்ப முந்தி, ஆதித் திருச்சபையின் உபதேச நூலான தீதாக்கே, ஓடுகிற தண்ணீரில் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு தண்ணீரில், அதுவும் இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள் என்கிறது. முழுக்கில் உள்ள அடக்கம்பண்ணப்படுதலின் அடையாளம் அழகானது, ரோமர் 6-ஐ வாசிக்கிற யாருக்கும் அது தெரியும். ஆனால் தண்ணீரின் அளவை வைத்து ஒருவருடைய ஞானஸ்நானத்தை இல்லை என்று சொல்ல எனக்கு வேதத்தில் இடம் தெரியவில்லை.

சரி, முதல் நூற்றாண்டுகளில் எல்லாரும் குழந்தைக்குத்தான் கொடுத்தார்களா? இல்லை. கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்கத் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் குழந்தைகளுக்கு அவசரப்பட வேண்டாம், தள்ளிப் போடுங்கள் என்று எழுதினார். அவர் எதிர்க்க வேண்டியிருந்தது என்றாலே அன்றைக்கு அது வழக்கத்தில் இருந்தது என்று அர்த்தம், அதே சமயம் எதிர்ப்பும் இருந்தது என்று அர்த்தம். அரை நூற்றாண்டு கழித்து கார்த்தேஜில் அந்நகரப் பேராயர் சிப்ரியானோடு கூடிய 66 பேராயர்கள், பிறந்த குழந்தைக்கு எட்டாம் நாள் வரை கூடக் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். பின்னாளில் திருச்சபையின் பெரிய ஆசிரியரான அகுஸ்தீனுடைய அம்மா மோனிக்கா அவ்வளவு ஜெபம் பண்ணினவர், மகனுக்குச் சிறு வயதில் ஞானஸ்நானம் கொடுக்காமல் தள்ளித்தான் வைத்தார். 387 ஈஸ்டரில் மிலானில் பேராயர் அம்புரோஸ் கையால்தான் அவர் பெற்றார். ஆக, எப்போது கொடுப்பது என்பதில் இடம் இருந்தது. ஆனால் தெர்த்துல்லியன் கூட, சிறு வயதில் பெற்றவர்கள் வந்து மறுபடி எடுங்கள் என்று எழுதவில்லை. தள்ளிப் போடச் சொல்வது வேறு, கொடுத்ததை இல்லை என்பது வேறு. 20-ஆம் நூற்றாண்டில் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் 1943-இல் குழந்தை ஞானஸ்நானத்தை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! அவரும், பெற்றவர்கள் திரும்பப் பெற வேண்டும் என்பதை ஏற்கவில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடத் தெளிவு கொடுத்தது அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரம். சமாரியாவில் மாயவித்தைக்காரன் சீமோன் விசுவாசித்தான், பிலிப்புவிடம் ஞானஸ்நானமும் பெற்றான், அப்படித்தான் எழுதியிருக்கிறது. பிறகு பேதுரு வந்து கை வைத்ததும் பரிசுத்த ஆவி இறங்குவதைப் பார்த்துவிட்டு, அந்த வல்லமையைப் பணத்துக்குக் கேட்கிறான். பேதுரு அவனைப் பார்த்து, உன் இருதயம் தேவனுக்கு முன்பாகச் செம்மையாயிருக்கவில்லை என்கிறார். அதாவது ஞானஸ்நானம் பெற்றவனுடைய உள்ளம் கோணலாக இருந்தது. இப்போது அதற்கு மருந்து என்ன? முழுக்கு கொடுக்கிற நம்மூர் ஆவிக்குரிய சபைகளின் (பெந்தெகொஸ்தே போன்றவை) கணக்குப்படி, அவன் உண்மையாய் விசுவாசித்தபின் திரும்பத் தண்ணீரில் இறங்க வேண்டும். பேதுரு அப்படிச் சொல்லவில்லை. "ஆகையால் நீ உன் துர்க்குணத்தைவிட்டு மனந்திரும்பி, தேவனை நோக்கி வேண்டிக்கொள்" என்கிறார். மனந்திரும்பு, ஜெபம் பண்ணு. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விசுவாசத்தில் பழுது இருந்தால் பழுதுபார்க்க வேண்டியது விசுவாசத்தைத்தான்.

"எபேசுவில் பவுல் திரும்பக் கொடுத்தாரே, 19-ஆம் அதிகாரம்?" என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அங்கே இருந்தவர்கள் பெற்றது யோவானுடைய ஞானஸ்நானம். பரிசுத்த ஆவி உண்டென்பதையே கேள்விப்படாதவர்கள், இயேசுவின் நாமத்தில் பெறாதவர்கள். பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் பெற்ற குழந்தையோடு அவர்களை எப்படி ஒப்பிடுவது?

சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1528-இல் இரண்டு போதகர்களுக்கு இந்த விஷயமாக எழுதிய நீண்ட கடிதம் ஒன்று உண்டு. அதில் ஒரு கேள்வி கேட்கிறார், அதற்கு இன்றுவரை எனக்குச் சரியான பதில் யாரும் சொல்லவில்லை. ஞானஸ்நானம் என் விசுவாசத்தின்மேல் நிற்கிறது என்றால், அன்றைக்கு நான் உண்மையாய் விசுவாசித்தேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? பத்து வருஷம் கழித்து, அப்போது உணர்ச்சிவசப்பட்டு எடுத்துவிட்டேன் என்று தோன்றினால்? திரும்ப எடுக்க வேண்டும். அப்புறம் இன்னொரு எழுப்புதல் கூட்டத்தில் இன்னும் ஆழமாய்த் தொடப்பட்டால்? இது வெறும் தர்க்கம் இல்லை. ஒரு சபையில் முழுக்கு எடுத்து, வேறு சபைக்குப் போனதும் "அவர்கள் கொடுத்தது சரியில்லை" என்று மறுபடி முக்கப்பட்டவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். தன் விசுவாசத்தை அளந்து பார்த்தே களைத்துப்போன ஆட்கள் அவர்கள். தேவன் செய்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டிய இடத்தில் தாங்கள் செய்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அது அசைந்துகொண்டே இருக்கிறது.

இதற்காக, முழுக்கு எடுத்தவர்களை நான் குறைவாக நினைக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மிஷனெரி வில்லியம் கேரி இங்கிலாந்து திருச்சபையில் குழந்தையாய்ப் பெற்றவர், 1783-இல் நார்தாம்ப்டனில் நேன் ஆற்றில் மறுபடி பெற்றார். மிஷனெரி அதோனிராம் ஜட்சன் 1812-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும்போதே இந்தக் கேள்வியை வேதத்தை வைத்து ஆராய்ந்து, கல்கத்தாவில் இறங்கியபின் மனைவியோடு முழுக்கு எடுத்தார். அனுப்பிய சபையின் ஆதரவு போய்விடும் என்று தெரிந்தே எடுத்தார். அவர்கள் முடிவு தவறென்று நினைக்கிறேன், அவர்கள் மனச்சாட்சியை மதிக்கிறேன். நம் தரப்பு செய்ததையும் மறக்க முடியாது. சூரிச்சில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரி 5-ஆம் தேதி கையைக் காலைக் கட்டி லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்தார்கள். கரையில் நின்று அவருடைய தாயும் சகோதரனும், உறுதியாய் இரு என்று சத்தமிட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். மறுபடி ஞானஸ்நானம் கொடுத்ததற்குத் தண்டனை, தண்ணீரிலேயே சாவு. அதைச் செய்தவர்கள் சீர்திருத்தச் சபையின் ஆட்சியாளர்கள். லுத்தரன் உலகக் கூட்டமைப்பு தங்கள் தரப்பு அனாபாப்டிஸ்டுகளுக்கு, அதாவது இப்படி மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தவர்களுக்கு, செய்த கொடுமைகளுக்காக 2010-இல் ஸ்டுட்கார்ட்டில் மென்னோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது. கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம் பிடித்திருக்கிறது.

மனச்சாட்சி என்று சொன்னேன். எனக்குக் கோபம் வருவது மனச்சாட்சி இல்லாத இடத்தில். கல்யாணம் பேசும்போது இது நிபந்தனையாக வருகிறதே, அதைச் சொல்கிறேன். எங்கள் சொந்தத்தில் ஒரு பையனுக்குப் பெண் பேசி எல்லாம் முடிந்தது. பெண் வீட்டுப் பாஸ்டர், மாப்பிள்ளை முழுக்கு எடுத்தால்தான் ஆராதனை நடத்துவேன் என்றார். மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. ஒரு சனிக்கிழமை காலையில் சபைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில் வெள்ளை வேட்டி சட்டையோடு அவனை இறக்கினார்கள். பாஸ்டர் ஒரு பக்கம், உதவிக்கு ஒரு சகோதரர் ஒரு பக்கம், மூக்கைப் பொத்தி மல்லாக்கச் சாய்த்து எடுத்தார்கள். கரையேறியதும் துண்டைக் கொடுத்து சர்டிபிகேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். "விசுவாசித்தா எடுத்தே?" என்று பின்னால் அவனிடம் கேட்டேன். "கல்யாணம் நின்னுறக் கூடாதுல்ல அண்ணே" என்றான். விசுவாசம் இல்லாமல் தண்ணீர் பட்டால் அது ஞானஸ்நானம் இல்லை என்பதுதானே அவர்கள் உபதேசம்? அப்படியானால் இது என்ன? குழந்தைக்காவது பெற்றவர்களும் ஞானப்பெற்றோரும் விசுவாசத்தோடு நின்று பதில் சொன்னார்கள். இவனுக்காக அன்றைக்கு யார் விசுவாசித்தார்கள்? தயவுசெய்து யாரும், எந்தச் சபையானாலும், கல்யாணத்தைக் காட்டி ஞானஸ்நானம் கொடுக்காதீர்கள்.

நம் பக்கத்துக்கு வருகிறேன், இங்கே வருத்தம்தான் அதிகம். நம் பிள்ளைகள் ஏன் போகிறார்கள்? குழந்தை ஞானஸ்நானம் ஒரு வாக்குறுதியோடு கொடுக்கப்படுகிறது: இந்தப் பிள்ளையைக் கர்த்தருக்குள் வளர்ப்போம் என்று பெற்றோர், ஞானப்பெற்றோர், சபை முழுவதும் எழுந்து நின்று சொல்கிறோம். அப்புறம் ஐயர் கையிலிருந்து பிள்ளையை வாங்குகிறோம், போட்டோ, கேக், பிரியாணி. ஞானத்தகப்பனாக நின்ற மாமா வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமஸுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பார், அந்தப் பிள்ளைக்காக ஒருநாளாவது ஜெபித்திருப்பாரா? திடப்படுத்தல்தான் பிள்ளை வளர்ந்து, தானே வாய் திறந்து, எனக்காக அன்று சொன்னதை இன்று நானே சொல்கிறேன் என்று ஒத்துக்கொள்கிற நாள். முழுக்கு சபைக்காரர்கள் கேட்கிற அறிக்கை நம்மிடம் இல்லாமல் இல்லை, அது அங்கேதான் இருக்கிறது. அதை நாம் என்ன பண்ணியிருக்கிறோம்? பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் மூன்றையும் மனப்பாடமாக ஒப்பித்தால் பாஸ். பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சேலை, பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, பேராயர் வந்து வரிசையாகத் தலையில் கை வைத்துப் போவார். நீ இயேசுவை விசுவாசிக்கிறாயா, உனக்குச் சந்தேகம் என்ன என்று அந்த வகுப்பில் ஒரு பிள்ளையிடம் தனியாக உட்கார்ந்து கேட்கிற சேகர குரு எத்தனை பேர்? கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சபையில் பிள்ளைகள் இந்தக் கேள்விக்குப் பதறுவதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். கேட்காத இடத்தில், அந்தப் பிள்ளை பத்தொன்பது வயதில் ஹாஸ்டல் ரூமில் முதன்முதலாகக் கண்ணீரோடு ஜெபிக்கும்போது, அதுவரை நடந்த எல்லாமே வெறும் சடங்கு என்று யாராவது சொன்னால் நம்பத்தான் செய்யும்.

அப்படி ஜெபித்தவர்களுக்கு, உங்களுக்கு, சொல்கிறேன். நடந்தது உண்மை, அந்தக் கண்ணீர் உண்மை. அதை வெளியில் சொல்ல வேண்டும் என்ற ஆசையும் நியாயமானது. அதற்குத் தண்ணீர்தான் வழி என்று யார் சொன்னது? உங்கள் ஐயரிடம் போய், சபைக்கு முன்னால் சாட்சி சொல்ல இடம் கேளுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் ஈஸ்டர் திருவிழிப்பில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறீர்களே, அதை இந்த வருஷம் வார்த்தை வார்த்தையாக உணர்ந்து சொல்லுங்கள். மெதடிஸ்டுகள் வழியாக சி.எஸ்.ஐ.-க்கு வந்த உடன்படிக்கை ஆராதனை இருக்கிறது, இனி நான் என்னுடையவன் அல்ல, உம்முடையவன் என்று சொல்கிற ஆராதனை. பல சபைகளில் அதை மறந்தே விட்டார்கள், கேட்டு நடத்தச் சொல்லுங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் உங்கள் பேர் இருக்கிற பக்கத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் பேர், அப்பா அம்மா பேர், தேதி, ஐயர் கையெழுத்து. நீங்கள் தேடுவதற்கு முன்னமே உங்களைத் தேடியவர் ஒருவர் என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஏற்கெனவே முழுக்கு எடுத்துவிட்டவர்கள் விஷயத்தில் நம் சபைக் கமிட்டிகளுக்கு ஒரு வார்த்தை. எடுத்தார் என்று தெரிந்ததும் சபைப் பட்டியலிலிருந்து பேரை அடிப்பது, திருவிருந்து மறுப்பது, கடைசியில் செத்தபிறகு கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்று கேட்டைப் பூட்டுவது, இதெல்லாம் சில ஊர்களில் நடக்கிறது. அம்மா அப்பா புதைக்கப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி கேட்டு, பிரேதத்தை ஆம்புலன்சில் வைத்துக்கொண்டு கமிட்டி ஆட்களிடம் ராத்திரி முழுக்கப் பேசிய குடும்பத்தை எனக்குத் தெரியும். மறுஞானஸ்நானம் தவறு என்று உபதேசியுங்கள், நானும் கூட நின்று சொல்கிறேன். ஆனால் ஒரே ஞானஸ்நானம் என்று அறிக்கையிடுகிற நாம், அதே ஞானஸ்நானம் பெற்ற ஒருவரை இரண்டாவது முறை முங்கினார் என்பதற்காக அந்நியன் ஆக்கினால், முதலாவது செல்லாது என்று நாமே சொன்னதாக ஆகிறது. வட இந்தியத் திருச்சபை 1970-இல் உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு பாப்டிஸ்டுகளும் பிரதரன் சபையாரும் உள்ளே வந்தார்கள். பெற்றோர் விரும்பினால் குழந்தைக்கு ஞானஸ்நானம், இல்லையென்றால் பிள்ளையைப் பிரதிஷ்டை பண்ணி வளர்த்து, அது விசுவாசத்தை அறிக்கையிடும்போது ஞானஸ்நானம். இரண்டு வழிக்கும் ஒரே திருச்சபையில் இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது, இங்கே நம் கமிட்டிகள் அதைப் பற்றி ஒருமுறை உட்கார்ந்து பேசவாவது செய்யலாம்.